மாடிச் சாவி யாரிடம்?

போன ஐப்பசியில் எங்கள் படுக்கையறைக் கூரையில் ஒரு கறை தெரிந்தது. முதல் நாள் ஐந்து ரூபாய் நாணயம் அளவுதான். மூன்றாம் நாள் ஆப்பம் அளவு. ஒரு வாரத்தில் ஓரமெல்லாம் பெயிண்ட் உப்பி, நடுராத்திரியில் சரியாக என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. “மேல போய்த்தான் பாருங்களேன்” என்றாள் மனைவி. போகத்தான் நினைத்தேன். மாடிக் கதவுப் பூட்டின் சாவி எங்கே என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பீரோ, பூஜையறை அலமாரி, தையல் மெஷின் இழுப்பறை என்று தேடி அலுத்து, கடைசியில் சுத்தியலால் பூட்டை உடைத்துக்கொண்டு ஏறினேன். மாடி முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். மூலையில் மழைநீர் இறங்கும் குழாயின் வாயை வேப்பஞ்சருகு அடைத்திருந்தது. அதன்மேல் நிறம் போன டென்னிஸ் பந்து ஒன்று அளவெடுத்துச் செய்த மூடி மாதிரி உட்கார்ந்திருந்தது. என் மகனின் பந்து. அவன் மாடியில் கடைசியாகக் கிரிக்கெட் ஆடி நான்கு வருஷம் இருக்கும். இப்போது வெளியூர்க் கல்லூரி விடுதியில் இருக்கிறான். பந்தை எடுத்ததும் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. ஆனால் அதற்குள் இறங்க வேண்டாத இடத்திலும் இறங்கியிருந்தது.

மறுநாள் வந்த மேஸ்திரி தளத்தைத் தட்டிப் பார்த்தார். கைப்பிடிச் சுவரோரம் குனிந்து பார்த்தார். ஓட்டு இடுக்கில் முளைத்திருந்த அரசங்கன்றைப் பிடுங்க முயன்று, வராமல் நிமிர்ந்தார். “ஆள் நடமாட்டமே இல்லாத மாடி சார் இது” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. நாடி பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தியர் சொல்வதுபோலச் சொன்னார். கூலி, சிமெண்ட், ஓடு, பெயிண்ட் எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்குகிற பணம் போனது. பணத்தைக்கூட மறந்துவிட்டேன். அந்த வாக்கியம்தான் இன்னும் உறுத்துகிறது.

வீட்டுக் கடன் வாங்கி, இருபது வருஷம் தவணை கட்டி ஒரு வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்கிறோம். அதில் வானம் பார்த்த இடம் மொட்டை மாடி ஒன்றுதான். பொழுதுபோகாமல் அதில் ஏறிக்கொண்டிருந்த காலம் வரை எங்கள் மாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலை இருந்தால் மட்டும் ஏறுவது என்று ஆன பிறகுதான் அங்கே வேலைகள் முளைத்தன.

கடுக்காய்த் தண்ணீர்

மொட்டை மாடி நமக்குப் பழையதுதான், ஆனால் எல்லோருக்கும் வாய்த்ததில்லை. சிலப்பதிகாரத்தில் அரமியம் என்றொரு சொல் வருகிறது. நிலா முற்றம் என்று பொருள். அது புகாரின் பெருவணிகர் வீட்டு வசதி. மற்றவர்களுக்கு ஓலைக் கூரை, பிறகு நாட்டு ஓடு, சீமை ஓடு. சாய்ந்த கூரையில் பூனைதான் உலாவ முடியும்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பக்கம் இன்னும் இடிபடாமல் இருக்கும் பழைய வீடுகளுக்குள் போனால், அண்ணாந்து பாருங்கள். வரிசையாகத் தேக்குக் கட்டைகள், அவற்றுக்கு மேல் சின்னஞ்சிறு செங்கற்கள் குறுக்குச் சாய்வில் நெருக்கி நிற்க வைக்கப்பட்டிருக்கும். இதற்கு மெட்ராஸ் டெரஸ் என்றே பெயர். செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை அவ்வப்போது தெளிப்பார்கள். அடிக்கிற கட்டை துள்ளித் திரும்பும்வரை அடி நிற்காது. மேலே தட்டோடு பதித்தால் தளம் தயார். ஒரு நூற்றாண்டு ஒழுகாமல் நின்ற தளங்கள் உண்டு.

சாதாரண ஆசிரியர், குமாஸ்தா, ரயில்வே ஊழியர் வீட்டுக்கு மொட்டை மாடி வந்தது சிமெண்டும் கம்பியும் கைக்கெட்டிய பிறகு. புறநகரில் ஒரு கிரவுண்டு, அதில் ஒரு வீடு, மேலே தட்டையான கான்கிரீட் தளம். ‘பின்னால் மாடி எடுத்துக்கொள்ளலாம்’ என்று தூணின் கம்பிகளை வெட்டாமல் வானத்தை நோக்கி நீட்டி விட்டிருப்பார்கள். அந்தக் கம்பிகளில்தான் துணிக்கொடி கட்டினோம். மாடி எடுக்கப் பணம் சேரும்வரை, பல வீடுகளில் முப்பது வருஷம், அந்தத் தளம் மொட்டையாகவே இருந்தது. ஒரு தலைமுறையின் பொழுதெல்லாம் அந்த மொட்டையின் மேல்தான் போனது.

யாரும் காசு கொடுக்காத கொட்டகை

கத்திரி வெயில் மாதத்தில் எங்கள் வீட்டு நடைமுறை இது. மாலை ஆறு மணிக்கு இரண்டு வாளித் தண்ணீர் மாடிக்குப் போகும். தெளித்தால் ‘சொய்’ என்று சத்தம், ஒரு சூட்டு வாசனை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் ராத்திரிதான் அதைக் கக்கும். அதனால் முதல் வாளி ஆவியாகிப் போகும், இரண்டாவது வாளிக்குத்தான் தரை கொஞ்சம் அடங்கும். எட்டரைக்குக் கோரைப்பாய், அதன்மேல் பழைய புடவை, தலைமாட்டில் சொம்புத் தண்ணீர், டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி. பக்கத்து வீட்டு மாமாவும் அவர் மாடியில் படுத்திருப்பார். முகம் தெரியாமல் குரல்கள் மட்டும் இந்த மாடிக்கும் அந்த மாடிக்கும் போய்வரும். விலைவாசி, வரன், கிரிக்கெட் எல்லாம் அதில் அடக்கம். விடிகாலைப் பனிக்கு யாராவது ஒரு குழந்தை தும்மியதும் எல்லோரும் பாயைச் சுருட்டுவார்கள்.

ஏ.சி. வந்தபின் இது போய்விட்டது. போனதற்காக நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை. அந்தக் கொசுக்கடியை நினைத்தால் ஏ.சி.யே தேவலாம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அது முதல் மாடியில் இன்னொரு விளையாட்டு சேர்ந்துகொண்டது. மேலே ஒருவர் ஆன்டெனாவைத் திருப்புவார். படிக்கட்டில் ஒருவர் செய்தி கடத்துவார். கீழே டி.வி. முன்னால் ஒருவர் தீர்ப்பு சொல்வார். “தெரியுதா?” “இப்ப?” “போச்சு, போச்சு, பழைய இடத்துக்கே திருப்பு!” காக்கை வந்து உட்கார்ந்தால் மறுபடி முதலிலிருந்து. கிழக்குக் கடற்கரை ஊர்களில் இன்னும் உயரமான கம்பம் நட்டு, பூஸ்டர் வைத்து, கடலுக்கு அப்பாலிருந்து ரூபவாஹினியைப் பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைப் படத்துக்காக வாரம் ஒருமுறையாவது ஒருவர் மாடி ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது. ஏறியவர் அப்படியே சருகையும் கூட்டித் தள்ளிவிட்டு இறங்குவார்.

சித்திரையும் வைகாசியும் வடாம் மாதங்கள். விடியற்காலையில் கூழ் கிளறி, வெயில் ஏறுவதற்குள் நனைத்த வேட்டியை விரித்து, கை பொறுக்கிற சூட்டில் பிழிந்துவிட வேண்டும். ஜவ்வரிசி வடாம் என்றால் கரண்டியால் ஊற்றல். பக்கத்தில் மோர்மிளகாய், கொஞ்சம் தள்ளி வெங்காய வடகம். காவலுக்குப் பரீட்சை முடிந்த பிள்ளைகள், கையில் கறுப்புக் குடை. காக்கைக்கு அந்தக் குடைமேல் ஒரு பயம். பாதி காய்ந்த வடாமைக் காவல்காரர்களே தின்றுவிடுவார்கள் என்பதும் கணக்கில் உண்டு, அதற்குத் தனியாக ஒரு வரிசை பிழிந்திருப்பாள் பாட்டி. சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு முதுகில் தண்ணீர் தெளித்தால் வடாம் கழன்று வரும். வடாம் பிழிகிற வீட்டு மாடியில் தூசி இருக்க முடியாது. பிழிவதற்கு முதல்நாள் தேய்த்துக் கழுவியாக வேண்டுமே. வருஷத்தில் நான்கைந்து முறை தளத்தை அங்குலம் அங்குலமாக யாரோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டில் ஒரு கீறல் விட்டால் பாட்டி கண்ணுக்குத்தான் முதலில் பட்டது.

மாடிக் கிரிக்கெட்டின் சட்டம் தெரியாதவர் யாரும் இருக்க முடியாது. சுவரைத் தாண்டினால் அவுட். அடித்தவனே போய் எடுத்து வர வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் பட்டால் இரண்டு ரன். எதிர்வீட்டுப் பாட்டி பந்தைத் தரமாட்டேன் என்றால் அன்றைய ஆட்டம் டிரா.

வடசென்னைக்குப் போனால் மாடி என்பது காத்தாடிக்கும் புறாவுக்கும் ஆனது. மற்ற ஊரில் பட்டம், இங்கே காத்தாடி. அதில் பாணா என்று ஒரு வகை. அந்தப் பெயரில் 2010-ல் ஒரு படமே வந்தது. ஒருவன் நூலை ஒருவன் அறுப்பதுதான் இந்த விளையாட்டின் ருசி. அந்த ருசிக்காகத்தான் கண்ணாடித் தூளைக் கஞ்சியில் குழைத்து நூலில் ஏற்றினார்கள். மாஞ்சா. அறுந்த நூல் ரோட்டில் தாழ்ந்து தொங்கி, பைக்கில் போனவர்களின் கழுத்தை அறுத்தது. வண்டியில் முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தைகளும் தப்பவில்லை. சென்னைக் காவல்துறை மாஞ்சாவைச் செய்யவும் விற்கவும் பயன்படுத்தவும் தடை போட்டிருக்கிறது. இதில் பாரம்பரியம், கலாச்சாரம் என்று பேச இடமே இல்லை. காத்தாடி விடட்டும், சாதா நூலில் விடட்டும்.

புறாக்காரர்கள் வேறு சாதி மனிதர்கள், ஒருவித சந்நியாசிகள். ஹோமர் புறாவைக் கூடையில் வைத்து வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோய்த் திறந்துவிட்டால், அது தன் மாடியைத் தேடி வந்து சேரும். கர்ணப் புறாவுக்கு வேறு பந்தயம். தலைக்கு மேலேயே எத்தனை மணி நேரம் இறங்காமல் பறக்கிறது என்பதுதான் கணக்கு. கீழே ஒருவர் கழுத்து வலிக்க அண்ணாந்தபடி இருப்பார். 2015-ல் வந்த ‘மாரி’ படத்தில் தனுஷுக்கு இதுதான் தொழில் மாதிரியான பொழுதுபோக்கு. காலையில் தீனி, மாலையில் தீனி, தினமும் எச்சம் சுரண்டல். புறா எச்சத்தின் தூசி நுரையீரலுக்கு ஆகாது, மூக்கைக் கட்டிக்கொள்வது நல்லது. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு முறை மாடி ஏறுகிறவர் வீட்டில் மழைக்குழாய் அடைத்து நான் பார்த்ததில்லை.

வாட்டம்

கொத்தனார்களிடம் ஒரு சொல் உண்டு, வாட்டம். தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. கான்கிரீட் தளம் போட்டு முடித்ததும் வேலை முடிந்ததாக வீட்டுக்காரர் நினைப்பார். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துச் சுர்க்கி போடுவதுதான் மழைக்கும் வெயிலுக்குமான கவசம். வெதரிங் கோர்ஸ் என்று எஸ்டிமேட்டில் எழுதியிருக்கும். மாடியின் நடுவில் உயர்ந்து, குழாய் வாயில் தாழ்ந்து, கண்ணுக்கே தெரியாத அளவில் அது சரிய வேண்டும். சுர்க்கி மேல் ஓடு பதித்து இடுக்கைப் பூசுவார்கள். பட்ஜெட் இடித்தால் வீட்டுக்காரர் முதலில் கைவைப்பது இதில்தான். கண்ணுக்குத் தெரிகிற கிரானைட்டில் யாரும் சிக்கனம் பார்ப்பதில்லை.

வாட்டம் சரியா என்று தெரிந்துகொள்ள இன்ஜினியர் வேண்டாம். நல்ல மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து மாடிக்குப் போய், தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது என்று பாருங்கள். தேங்கிய இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். மேஸ்திரி வரும்போது வெயில் அடித்துக்கொண்டிருக்கும், அப்போது எதுவும் தெரியாது.

ஒழுகலுக்குப் பெரும்பாலும் தளத்தின் நடுப்பகுதி காரணமாக இருப்பதில்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலை, குழாயைச் சுற்றியுள்ள இடம், டிஷ் ஆன்டெனாவுக்கும் ஏ.சி. ஸ்டாண்டுக்கும் துளை போட்ட இடம், இவைதான் கீறல் விடும். கீறல் வழியாக இறங்கிய தண்ணீர் கம்பியைத் தொட்டால் துரு. துருப்பிடித்த இரும்பு உப்பும். உப்பினால் தன்னைச் சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உள்ளேயிருந்து பிளக்கும். கூரையிலிருந்து காரை பெயர்ந்து கம்பி பல்லிளிப்பது இப்படித்தான். கறையின் மேல் பெயிண்ட் அடிப்பது, காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசுகிற கதை.

அரசங்கன்று தனி வில்லன். பறவை எச்சத்தில் வந்த விதை, இடுக்கில் கிடைத்த ஒரு சிட்டிகை மண்ணில் வேர் விட்டுவிடும். இரண்டு இலையாக இருக்கும்போது விரலால் பிடுங்கினால் போதும். ‘அரச மரத்தை வெட்டலாமா’ என்று மனைவியும் மாமியாரும் யோசிக்கிற இரண்டு வருஷத்தில் அது சுவரைப் பிளந்துவிடும். எங்கள் வீட்டில் அதை வேரோடு எடுத்துத் தெருமுனைப் பிள்ளையார் கோயில் பின்புறம் நட்டோம். சாமிக்கும் சங்கடமில்லை, சுவருக்கும் சங்கடமில்லை.

தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சுருக்கமாக. ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் நிரம்பியபோது ஒரு டன் எடை. அதைப் பீமுக்கு மேலோ தாங்கும் சுவருக்கு மேலோ வைக்க வேண்டும். வாஸ்து பார்த்து நட்டநடுத் தளத்தில் வைத்தவர்களை எனக்குத் தெரியும். மூடி முக்கியம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது எத்தனையோ தொட்டிகளின் மூடி பறந்தது. அதற்குப் பதில் அட்டையோ தகரமோ வைத்துச் செங்கல்லை ஏற்றிய வீடுகள் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், நல்ல தண்ணீர்தான் வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள் போதும். மாடி மூலையில் கவிழ்த்து வைக்காத ஒரு பெயிண்ட் டப்பா தெருவுக்கே காய்ச்சல் வாங்கித் தரும். வாரம் ஒருமுறை பார்த்துக் கவிழ்த்து வைத்தால் அந்தச் சுழற்சி அறுந்துபோகும்.

தக்காளிக்கு எவ்வளவு எடை?

இப்போது மாடிக்கு ஆட்களை மறுபடி ஏற்றியிருப்பது மாடித் தோட்டம். தோட்டக்கலைத் துறை தென்னைநார்க் கழிவுப் பைகளையும் விதைகளையும் மானிய விலையில் கொடுத்ததில் பலருக்குக் கை அரித்தது. கத்திரி, தக்காளி, கீரை, அவரை, பந்தலில் புடலை. வெண்டைக்காய் கிலோ நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும்போது ஐந்நூறு ரூபாய் செலவழித்து அரை கிலோ வெண்டைக்காய் பறிக்கிறோம் என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. கணக்கு சரிதான். கிரிக்கெட் பார்ப்பதில் யாரும் இந்தக் கணக்குப் போடுவதில்லையே.

எடைக் கணக்கு மட்டும் போட்டே ஆக வேண்டும். ஆட்கள் நடமாடும் மாடிக்கு, இந்தியத் தர நிர்ணயத்தின்படி, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் சுமை என்று வைத்துத்தான் தளத்தை வடிவமைக்கிறார்கள். வயல்மண்ணை ஒரு சதுர மீட்டரில் 30 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி நீரூற்றினால் ஐந்நூறு கிலோவைத் தாண்டும். நேரடியாகத் தளத்தில் பாத்தி கட்டி, ‘எங்கள் மாடியில் வாழையே வைத்திருக்கிறோம்’ என்று பெருமைப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கீழ்வீட்டுக்காரரை நினைத்துத்தான் பயம். தென்னைநார்க் கழிவு கலந்த இலகுவான கலவை, சுவரோரமாகவும் பீம் போகிற வரிசையிலும் பைகள், பைக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு ஸ்டாண்டு. பையைத் தரையில் வைத்தால் அடியில் ஈரம் காயாது. பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது.

தோட்டம் போட்டவர்களுக்கு மழையின் அளவும் கை வந்துவிடுகிறது. 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். சென்னையில் வருஷத்துக்குச் சராசரி 140 செ.மீ. பெருக்கிப் பார்த்தால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர். 2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானபோது திட்டிக்கொண்டே குழாய் பதித்தோம். 2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம் உட்பட ஊருக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு லாரிக்குக் குடம் வைத்தபோதுதான் அந்தக் குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்று பலர் தேடினார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அது கிணற்றுக்குப் போகவில்லை, நேரே தெருவுக்குப் போனது.

மழையைப் போல வெயிலுக்கும் இப்போது கணக்குப் பார்க்கிறார்கள். இந்தப் பத்து வருஷத்தில் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது பரவலாகிவிட்டது. சுண்ணாம்பானாலும் கடையில் விற்கும் குளிர்ச்சிப் பெயிண்டானாலும், மேல்தள அறையில் வித்தியாசம் உறைக்கிறது. சூரியத் தகடு போடுகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். 2024-ல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் கிடைக்கும். ஆக 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி, பல மாடிகளில் அது மூன்றில் ஒரு பங்கு. தகட்டைத் தரையோடு தரையாகப் போட்டுவிட்டால் அந்த இடம் நமக்கு இல்லை. ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்தில் சட்டம் அமைத்து ஏற்றினால் கீழே நிழலும் கிடைக்கும், கயிற்றுக் கட்டிலும் போடலாம். செலவு கூடும், புயல் காற்றுக்கு ஈடுகொடுக்கிற பிடிமானமும் வேண்டும். போல்ட் இறங்கும் ஒவ்வொரு துளையையும் நின்று பார்த்து அடைக்கச் சொல்லுங்கள். இலவச மின்சாரத்துக்கு ஆசைப்பட்டுக் கூரை ஒழுகின வீடுகள் இருக்கின்றன.

பூட்டு

தனி வீட்டுக்காரனான என் சாவி பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சாவி சங்கத்தின் செயலாளரிடம் இருக்கிறது, அல்லது வாட்ச்மேனிடம். அவர் ஷிஃப்ட் மாறிப் போயிருப்பார். 1990-ல் வந்த ‘அஞ்சலி’ படத்தில் குடியிருப்புக் குழந்தைகள் கூட்டமாகத் திரிந்த சுதந்திரம் இன்றைக்கு எத்தனை வளாகங்களில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் மொட்டை மாடியைப் பொதுப் பகுதி என்கிறது. மேல்தளம் வாங்கியவருக்கு அது சொந்தமில்லை, கட்டியவருக்கும் இல்லை. வாங்கிய ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு. பங்கு இருந்தும் படியேற முடியாது.

பூட்டுகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தொட்டிக்குள் யாராவது எதையாவது போட்டுவிடுவார்களோ, குழந்தை விழுந்துவிடுமோ, பையன்கள் பாட்டிலோடு ஏறுவார்களோ, மனம் உடைந்த யாராவது ஏறிவிடுவார்களோ. கடைசி பயத்தை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கெல்லாம் சேர்த்து ஒரே மருந்து நிரந்தரப் பூட்டு என்பதுதான் இடிக்கிறது. கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டராவது இருக்கிறதா என்று பார்க்கலாம், மேலே கம்பித் தடுப்பு வைக்கலாம், தொட்டிக்குத் தனிப் பூட்டு போடலாம், காலையும் மாலையும் நேரம் குறித்துத் திறக்கலாம். நாலு பேர் நடக்கிற மாடியில் யாரும் தனியாக இருக்க மாட்டார்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். ‘மாடியில் துணி காயப்போடலாம், மற்றபடி போகக் கூடாது’ என்று அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுகிறார்கள். ஒழுகல் ஆரம்பித்தால் முதலில் தெரியப் போவது மேல்தளத்துக் குடித்தனக்காரருக்குத்தான். அவரை மாடிக்கு விடாமல் வைத்திருப்பது சொந்தக்காரருக்குத்தான் நஷ்டம்.

பூட்டுகள் தாமாகவே திறந்துகொண்ட இரண்டு சந்தர்ப்பங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. 2015 டிசம்பர் முதல் வாரம், தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. தரைத்தளம் மூழ்கியபோது வீட்டுக்காரர், குடித்தனக்காரர், எதிர்வீட்டுக்காரர் என்ற பேதமில்லாமல் மாடியில் ஒன்றாக நின்றோம். ஒரு கேஸ் அடுப்பும் இருந்த அரிசியும் மேலே போயின. ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலம் போட்டது மொட்டை மாடிகளில்தான், ஆட்களைத் தூக்கியதும் அங்கிருந்துதான். சாய்ந்த கூரை ஊராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது 2020 ஊரடங்கு. மார்ச் 22 மாலை ஐந்து மணிக்குக் கைதட்டச் சொன்னார்கள், எல்லோரும் மாடியேறித் தட்டினோம். தட்டி முடித்தபின் யாருக்கும் இறங்க மனசில்லை. அடுத்த மூன்று மாதம் மாடியே கடற்கரை, மாடியே பூங்கா. சர்க்கரை நோயாளிகள் எட்டுப் போட்டு நடந்தார்கள். ஒருவர் வயலின் கற்றுக்கொள்ளத் தொடங்கினார், அதை நாங்கள் பொறுத்துக்கொண்டோம். என் மகன் கடைசியாகக் கிரிக்கெட் ஆடியதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். பிறகு ரோடு திறந்தது, பள்ளி திறந்தது, மால் திறந்தது. மாடியை மூடினோம்.

எங்கள் புதுப் பூட்டின் சாவி இப்போது சமையலறை வாசல் ஆணியில், காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வேலை என்று நினைத்து ஏறினால் ஒரு வாரம்தான் ஓடும் என்பது எனக்குத் தெரியும், அதனால் சாயங்காலக் காப்பியை மேலே குடிப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். காப்பி ஆறுவதற்குள் குழாய் வாய், தொட்டி மூடி, சுவர் மூலை எல்லாம் கண்ணில் பட்டுவிடுகிறது. ஆவணியில் இரண்டு இலை விட்ட அரசங்கன்று ஒன்றை மனைவி தம்ளரைக் கீழே வைக்காமலே பிடுங்கினாள். தீபாவளிக்கு மகன் வருகிறான். பந்தைக் கழுவி ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதற்குள் உங்கள் மாடிச் சாவியைத் தேடி எடுத்துவிடுங்கள். கையோடு ஒரு தென்னந்துடைப்பமும் கொண்டுபோங்கள்.